வன்னிக்கு மேல புகை: பலாலியா, கட்டுநாயக்கவா?

முறிகண்டியான்: வன்னிக்கு மேலால போற ஏ320 ஜெட் பிளேன் ஒண்டில புகை கிளம்பினால் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில இறக்கலாம் எண்டு சிலர் எழுதுகினம். 2019 ஒக்டோபரில திறக்கேக்க அங்க ஏடிஆர் 72 எண்ட புரொப்பெல்லர் பிளேனுக்குக் குடுத்த ஓடுபாதை நீளம் 1,400 மீட்டர். ஜெட் எண்டால் இறங்கு தூரம் ஓடுபாதையின்ர 60 வீதத்துக்குள்ள அடங்கோணும், அதாவது 840 மீட்டர். ஈரமெண்டால் வேண்டிய ஓடுபாதை இன்னும் 15 வீதம் நீளம். விதிப்படியே சரிவராது. கொழும்புக்குப் பக்கத்துக் கட்டுநாயக்கவில 3,350 மீட்டர் இருக்கு.

நந்திக்கடல்: அண்ணை, 60 வீதக் கணக்கு வெளிக்கிட முதல் போடுறது. பறக்கத் தொடங்கினாப் பிறகு அந்த நேரத்துக் காத்து, ஓடுபாதை நிலை, பிளேனில உள்ள பழுது, இதுகளை வைச்சுத் தூரத்தைப் பார்த்து 15 வீதம் கூட்டுவினம். அவசரத்தில அந்த 15ஐயும் கப்டன் விடலாம்.

முறிகண்டியான்: கப்டன் விடலாம், சில்லு விடாதே! ஓடுபாதை வாசலை (அது தொடங்கிற இடத்தை) 50 அடிக்குப் பதிலா 100 அடியில கடந்தால், 3 பாகைச் சரிவில 290 மீட்டர் அதிலயே போச்சு. ஃபிளாப் (சிறகின்ர பின்மடல்) முழுக்க இறங்காமல் வேகம் 10 வீதம் கூடினால் பிரேக் விழுங்கவேண்டிய சக்தி 21 வீதம் கூடும். பாரம் குறைக்க ஏ320இல எண்ணெயை (எரிபொருளை) வெளியில கொட்டவும் வழியில்லை. அந்த 15 வீதமே 2005 சிகாகோ மிட்வே விமான நிலையத்தில பிளேன் ஓடுபாதை தாண்டின விபத்துக்குப் பிறகு வந்தது: பனி, பின்காத்து, ரிவர்ஸ் (எஞ்சின் விசையை முன்னால திருப்பி வேகம் குறைக்கிறது) பிந்தித் திறந்தது.

நந்திக்கடல்: மிட்வேயில தீ எரியேல்ல, வேற இடம் போக நேரம் இருந்தது. 1998இல சுவிஸ்எயார் 111இல புகை மணந்து ஏறத்தாழ 21 நிமிசத்தில பிளேன் கடலுக்க. கிளிநொச்சிக்கு மேலயிருந்து கட்டுநாயக்க 250 கிலோமீட்டர், இறக்கத்தோட அதேயளவு நேரம் எடுக்கும். பலாலிக் கணக்கைப் பாருங்கோ: வாசலிலயிருந்து சில்லு தொட 7 செக்கன், 140 நொட்டில (மணிக்கு ஏறத்தாழ 260 கிலோமீட்டர்) 500 மீட்டர். மிச்சம் 900. அதுக்குள்ள நிக்க புவியீர்ப்பின்ர 0.3 பங்கு வேகத்தடை காணும். காய்ஞ்ச பாதையில ஏலும்.

ஓமந்தை: எல்லா அவசரத்தையும் ஒரே சாக்குக்குள்ள போடாதேங்கோ. அணையாத தீயெண்டால் நந்திக்கடல் சொல்லுறது சரி. ஹைட்ரோலிக் பழுதெண்டால் நேரம் இருக்கு, ஆனா ஸ்பொயிலர் (சிறகுக்கு மேல எழும்பிற தடைப் பலகை), அன்ரி-ஸ்கிட் (பிரேக்கில சில்லு வழுக்காமல் பாக்கிறது) போய்த் தூரம் நீளும். ஒண்டுக்கு 1.2 மடங்கு, மற்றதுக்கு 1.3 மடங்கு எண்டால் பெருக்கோணும்: 1.56 மடங்கு. அதுக்குக் கட்டுநாயக்க, இல்லாட்டித் தெற்கில 3,500 மீட்டர் ஓடுபாதை உள்ள மத்தள.

முறிகண்டியான்: மாரியில? 2021 நவம்பரிலயிருந்து வந்த ஓடுபாதைக் குறியீட்டில (எண் குறையக் குறையப் பிடிப்புக் குறைவு) வெறும் ஈரம் 5, தண்ணி 3 மில்லிமீட்டருக்கு மேல நிண்டால் 2. அந்த 0.3 அங்க கிடைக்காது.

நந்திக்கடல்: கிடைக்காதுதான். தீயெண்டால் அப்பவும் இறக்குவன். பாதை முடிவால 50 நொட்டில வெளியில ஓடினாலும் கனபேர் தப்புவினம்.

ஓமந்தை: அப்பிடி இறக்கிறதெண்டால் மெதுவாத் தொடப் பார்த்து மிதக்கப்படாது. தொட்டவுடன காலால முழுப் பிரேக், நிக்கும்வரை ரிவர்ஸை மூடப்படாது. பிறகு பிரேக் சூட்டில சில்லின்ர உருகாணி (சூட்டில உருகிற அடைப்பு) இளகிக் காத்துப் போகும். ஆக்களைச் சில்லுப் பக்கம் போகவிடாதேங்கோ.