ஷோரூம் இன்சூரன்ஸ் வேண்டாம்னா டிஸ்கவுண்ட் போயிடுமா?

கொங்கு_கணக்கு:
"புது கார் எடுக்கறவங்க ஷோரூம்லயே இன்சூரன்ஸ் போட்டுக்குங்க. அதை வேண்டாம்னா 25,000 கேஷ் டிஸ்கவுண்ட் போயிடும்"னு பக்கத்து இழையில ஒருத்தர் எழுதியிருக்கார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. பேரம் ஆரம்பிக்கறதே அங்கதானுங்க!

எக்ஸ் ஷோரூம் (வரி, இன்சூரன்ஸ் சேராத விலை) 9,00,000, 1197 சிசி பெட்ரோல், கோவைப் பதிவுன்னு வெச்சுக்குங்க. ஐடிவி, அதாவது இன்சூரன்ஸ்ல வண்டிக்குப் போடற மதிப்பு, 95 சதவீதம், 8,55,000. மூணு வருஷ தேர்ட் பார்ட்டி (நம்ம வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கு) 10,640. அது அரசு வெச்ச ரேட்டு, எங்க போனாலும் மாறாது. ஓன் டேமேஜ், நம்ம வண்டி சேதத்துக்கான பங்கு, அதுதான் விஷயம். பழைய டேரிஃப், அதாவது கட்டணப் பட்டியல்படி ஐடிவியில 3.191 சதவீதம், 27,283 ரூபா. ஷோரூம் அதுல 10 சதவீதம் தள்ளினா 24,555. வெளியில 60 சதவீதம் தள்ளினா 10,913. வித்தியாசம் 13,642. ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தா 16,098.

சென்னை_சக்கரம்:
16,098 மிச்சம் பிடிக்க 25,000 டிஸ்கவுண்டைக் கோட்டை விடச் சொல்றீங்க. பிரமாதம். டிஸ்கவுண்ட்ல ஒரு பங்கு கம்பெனி ஸ்கீம், மீதி டீலர் கைக்காசு. அந்தக் கைக்காசு இன்சூரன்ஸ் கமிஷன், லோன் கமிஷன், ஆக்சசரீஸ் இதுலேருந்துதான் வருது. ஒண்ணை உருவினா அவர் இன்னொண்ணுல குறைப்பார். வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த மொத்த ஆன்ரோடு தொகையைப் பேசுங்க சார்.

கொங்கு_கணக்கு:
மொத்தமாப் பேசினாத்தான் உள்ள ஒளிச்சு வெப்பாங்க. எங்கிட்டதான் இன்சூரன்ஸ் எடுக்கணும்னு கட்டாயப்படுத்த டீலருக்கு உரிமையே இல்ல. வரிசை முக்கியம்: மூணு ஷோரூம்ல வரிவரியா கொட்டேஷன் வாங்குங்க. இன்சூரன்ஸ் பத்தி வாயே திறக்காம டிஸ்கவுண்டை முடிச்சு, சீல் வெச்சு எழுதி வாங்குங்க. அதுக்கப்புறம் "இன்சூரன்ஸ் நான் பாத்துக்கறேன்"னு சொல்லுங்க. 16,098 உங்க பாக்கெட்ல.

மதுரை_ஓட்டுநர்:
அண்ணே, ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காம கிளைம் தர்ற கூடுதல் கவர்) சேர்க்காம கணக்குப் போட்டிருக்கீங்க. புது வண்டிக்கு அது இல்லாம யாரு பாலிசி போடுவா? அப்புறம் சேசிஸ் நம்பர் (வண்டிச் சட்டத்துல பொறிச்ச அடையாள எண்) இல்லாம வெளியில பாலிசி போட முடியாது. அந்த நம்பரை டெலிவரிக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் கையில தருவாங்க. அவசரத்துல ஒரு எழுத்துத் தப்பினா ரிஜிஸ்ட்ரேஷன் நிக்கும். லோன் வண்டின்னா பாலிசியில பேங்க் பேரும் இருக்கணும்.

கொங்கு_கணக்கு:
ஜீரோ டெப் ரெண்டு பக்கமும்தான் சேரும், வித்தியாசம் வித்தியாசம்தான். நம்பரை அலாட்மென்ட் அன்னைக்கே, நமக்குன்னு வண்டி ஒதுக்கற அன்னைக்கே, கேட்டு வாங்கணும். மீதிப் பணம் கட்டறதுக்கு முன்னாடி கேட்டா தராம எங்க போவாங்க?

சென்னை_சக்கரம்:
சேர்த்தா ரெண்டு பிரீமியமும் மாறும், உங்க 16,098-உம் மாறும். டயர் இழையிலயும் இப்படித்தான் ஒரு நம்பரைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினீங்க.

கொங்கு_கணக்கு:
டயர் இழையில கடைசி வரைக்கும் பதில் சொல்லாம ஓடினது யாருன்னு எல்லாருக்கும் தெரியும்.

நெல்லைச்_சீமை:
ரெண்டு பேரும் 16,000-க்கு மல்லுக்கட்டுதீய, அதைவிடப் பெரிய ஓட்டையை விட்டுட்டீய. 2023 நவம்பர்லேருந்து தமிழ்நாட்டு ஆயுள் வரி 5 லட்சத்துக்கு மேல 10 லட்சம் வரைக்கும் 13 சதவீதம், அதைத் தாண்டி 20 லட்சம் வரைக்கும் 18. 9,95,000 வண்டிக்கு 1,29,350. சேல்ஸ்மேன் பேச்சைக் கேட்டு 10,05,000 வேரியன்ட்டுக்குப் போனா 1,80,900. 10,000 ரூபா வசதிக்கு 51,550 வரி! டிசிஎஸ் (10 லட்சம் தாண்டின வண்டிக்கு டீலர் பிடிக்கற 1 சதவீத வருமான வரி) 10,050 தனி. அதையாவது ரிட்டர்ன்ல திரும்ப எடுத்துக்கலாம்.

மதுரை_ஓட்டுநர்:
அதுக்குத்தான் புதுச்சேரிப் பதிவு.

நெல்லைச்_சீமை:
தமிழ்நாட்டுல 12 மாசத்துக்கு மேல வண்டியை வச்சிருந்தா இங்க மறுபதிவு பண்ணி வரி கட்டணும். அரைகுறையாச் சொல்லி மத்தவங்களை மாட்டி விடாதீய.

கொங்கு_கணக்கு:
வரியைப் பத்தித் தனி இழை போடுங்க. இங்க பேச்சு இன்சூரன்ஸ். இன்னொண்ணு: பழைய காரை வித்தவங்களுக்கு அதுல சேர்ந்த நோ கிளைம் போனஸை (கிளைம் கேக்காத வருஷங்களுக்குத் தர்ற தள்ளுபடி) புதுசுக்கு மாத்தலாம், ஓன் டேமேஜ்ல 50 சதவீதம் வரைக்கும். பழைய இன்சூரன்ஸ் கம்பெனிகிட்ட லெட்டர் வாங்கிக் கொடுக்கணும். ஷோரூம் கொட்டேஷன்ல அந்த வரி தானா வரவே வராது. 15 லட்சத்துக்குத் தனி விபத்து பாலிசி ஏற்கெனவே இருந்தா, கொட்டேஷன்ல இருக்கற ஓனர் விபத்து கவர் வரியையும் அடிக்கச் சொல்லுங்க.

சென்னை_சக்கரம்:
லெட்டரைக் கொடுத்தா ஷோரூம்லயும் அதே போனஸ் கிடைக்கும். அப்ப வெளியில போக என்ன அவசியம்?

கொங்கு_கணக்கு:
60 சதவீதத் தள்ளுபடி! எத்தனை தடவை எழுதறது?

சென்னை_சக்கரம்:
அதே 60-ஐ வெளிக் கொட்டேஷனா எடுத்துட்டுப் போய் மேசையில வெச்சா ஷோரூமும் இறங்கி வரும். டிஸ்கவுண்டும் நிக்கும், பம்பர் உடைஞ்சா கேஷ்லெஸ் (கம்பெனியே நேரா பில் கட்டற) ரிப்பேர் அங்கேயே முடியும். உங்களுக்கு ஜெயிக்கணும், எங்களுக்கு வண்டி வாங்கணும்.

மதுரை_ஓட்டுநர்:
ஹேண்ட்லிங் சார்ஜ்னு 6,000, 8,000 போடறதை யாருமே பேசலையே? வண்டி ஷோரூம் வர்ற செலவு எக்ஸ் ஷோரூம் விலையிலயே அடங்கிடுச்சு. அந்த வரியைப் பேனாவால அடிச்சுட்டுத்தான் புக்கிங் பணத்தையே எடுக்கணும். டிசம்பர்ல போனா இன்னும் சுலபம்.

நெல்லைச்_சீமை:
டிசம்பரா? ஜனவரி பொறந்ததும் அது போன வருஷத்து வண்டி. தயாரிப்பு மாசத்தைப் பாக்காம டிஸ்கவுண்டை மட்டும் பாத்தா விக்கும்போது அழணும்.

மதுரை_ஓட்டுநர்:
எட்டு வருஷம் ஓட்டறவனுக்கு என்ன கவலை?

கொங்கு_கணக்கு:
தயாரிப்பு வருஷம், ஹேண்ட்லிங் எல்லாம் இருக்கட்டும். 25,000 டிஸ்கவுண்டை ரத்து பண்ணிட்டாங்கன்னு எழுத்துல ஒரு கொட்டேஷன் காட்டச் சொல்லுங்க சென்னைக்காரரை.

சென்னை_சக்கரம்:
எழுத்துல யாரு தருவா? "ஸ்கீம் நேத்தோட முடிஞ்சது"ம்பாங்க, அவ்வளவுதான். அதுகூடத் தெரியாமயா கணக்குப் போடறீங்க?