புதுப்பிப்பு: கொலோனில் கடைசி நாள்

ஜெர்மனியில், கொலோன் நகரில் படிக்கும் அக்கா மகனைப் பார்க்கப் போகிறேன், கடைசி நாளில் என்ன செய்யலாம், என்ன வாங்கலாம் என்று கேட்டிருந்தேன் இல்லையா? நேற்று கும்பகோணம் வந்து சேர்ந்தாச்சு.

முதல் விஷயம், கடைசி நாளை ஞாயிற்றுக்கிழமையில் வைத்துக்கொள்ளாதீர்கள். அங்கே ஞாயிறன்று கடைத்தெருவே வெறிச்சோடிக் கிடக்கிறது. ரயில் நிலையத்துக்குள் இருந்த சூப்பர் மார்க்கெட்தான் மானத்தைக் காப்பாற்றியது. நீங்கள் சொன்ன சாக்லேட் எல்லாம் அங்கே அள்ளியதுதான்.

நிலையத்துக்கு வெளியே வந்தால் கண்ணெதிரே பேராலயம். 1248இல் தொடங்கி 1880இல் முடித்தார்களாம். "நம்ம பெரிய கோயிலை ராஜராஜன் தன் ஆயுசுக்குள்ளேயே முடிச்சிட்டாரு மாமா" என்றான் அக்கா மகன். கோபுரத்துக்கு 533 படி. என் முட்டி கீழேயே முடியாது என்று கையெழுத்துப் போட்டுவிட்டது. அவன் மட்டும் ஏறி ரைன் நதியைப் படம் எடுத்து வந்தான். கரை தொட்டுத் தண்ணீர், அதில் சரக்குப் படகு. கும்பகோணத்து அரசலாற்றங்கரைக்காரனுக்குப் பொறாமை வராதா?

ஆனால் மனசில் நின்றது முந்தின நாள். கட்டிலுக்கடியில் மூன்று பை காலி பாட்டில் வைத்திருந்தான். தண்ணீர் பாட்டில் வாங்கும்போது ஒன்றுக்கு 25 சென்ட் முன்பணம்; காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அது திரும்பக் கிடைக்கும். கடை மெஷினில் ஒவ்வொன்றாகத் திணித்தால் அந்தப் பணத்துக்குச் சீட்டு வரும். 36 பாட்டில், 9 யூரோ. அதில் அரிசி வாங்கினான். ஊரில் தட்டைக்கூடக் கழுவாத பையன்!

என் பித்தளை ஃபில்டரை அவனிடமே விட்டுவிட்டேன். இன்று காலை காபியை டீ வடிகட்டியில்தான் வடிகட்டிக் குடித்தேன்.