புதுப்பிப்பு: மகளுக்கு இ-ரீடரா, டேப்லெட்டா?

ஒன்பது வயது மகளுக்கு இ-ரீடர் (மின்னூல் படிப்பதற்கென்றே உள்ள கருவி) வாங்குவதா, டேப்லெட் வாங்குவதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. இ-ரீடரையே வாங்கினோம்.

முடிவைத் தீர்மானித்தது திரைதான். அதில் கருப்பு, வெள்ளைத் துகள்கள் மின்புலத்தால் இடம் மாறி எழுத்தாகின்றன. வந்த எழுத்தை நிலைநிறுத்த மின்சாரம் தேவையில்லை. ஒருமுறை சார்ஜ் செய்தால் வாரக்கணக்கில் போதும். வெயிலிலும் தெளிவாகப் படிக்கலாம். இவற்றைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, கதையின் நடுவே எந்த அறிவிப்பும் வந்து அவளைக் கூப்பிடுவதில்லை என்பதுதான். பிள்ளை ஓர் அத்தியாயத்தில் முழுதாக மூழ்குவதைப் பார்க்க அவ்வளவு மகிழ்ச்சி!

ஒன்றை மட்டும் கவனியுங்கள். இபப் (EPUB) என்ற மின்னூல் வகைக் கோப்பில் எழுத்தைப் பெரிதாக்கினால் வரிகள் அதற்கேற்ப மடிந்து அமைகின்றன. பிடிஎஃப் அப்படியல்ல, 6 அங்குலத் திரையில் முழுப் பக்கமும் சுருங்கிவிடும். ஸ்கேன் செய்த பழைய தமிழ் நூல்கள் என்றால் கண்ணுக்குத் தண்டனைதான். நூலை வாங்குமுன் கோப்பு வகையைப் பாருங்கள்.

படக்கதைகளுக்கு வீட்டிலுள்ள பழைய டேப்லெட்டையே வைத்திருக்கிறோம். வண்ண இ-ரீடர்கள் வந்திருந்தாலும், அவற்றின் நிறங்கள் டேப்லெட் அளவுக்குப் பளிச்சென்று இருப்பதில்லை.