எந்தப் பட்டப்படிப்பில் சேர்வது என்று முடிவெடுக்க இயலவில்லை: மேலூர்ப் பகுதி மாணவியின் கேள்வி

கேள்வி (மேலூர் மாணவி)

அனைவருக்கும் வணக்கம். மேலூருக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள் நான். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே தமிழ் வழியில் படித்து, இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றிருக்கிறேன். உயிரியலுடன் கூடிய கணிதப் பிரிவு. கணிதத்தில் 91, இயற்பியலில் 82, வேதியியலில் 78 மதிப்பெண்கள் பெற்றதால் பொறியியல் சேர்க்கைக்கான கட்-ஆஃப் (கணிதம் முழுதாக, மற்ற இரண்டும் பாதியாக) 200-க்கு 171 வருகிறது. எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் நான்தான்.

அப்பா பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீரை நம்பி ஒரு போகம் நெல் பயிரிடுகிறார். கணினிப் பொறியியல் படித்தால்தான் வேலை கிடைக்கும் என்று அவரிடம் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் கட்டணத்தை எண்ணி அவரே கலங்குகிறார். தாய்மாமா, பி.எஸ்சி. கணிதமும் பி.எட்.டும் முடித்து ஆசிரியை ஆவதே நல்லது என்கிறார். தோழிகள் இருவர் வேளாண் படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள். எனக்கோ மூன்றுமே சரி என்றுதான் தோன்றுகிறது. கணக்குப் போட உட்கார்ந்தால் நேரம் போவது தெரியாது. வயலில் பயிர் மஞ்சளாகத் தொடங்கினால் அதன் காரணத்தைத் தெரிந்துகொள்ளாமல் மனம் ஆறாது. ஆனால் ‘என்னவாக ஆகப்போகிறாய்’ என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த நிலையில் எதை வைத்து முடிவெடுப்பது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுமாறு வேண்டுகிறேன்.

பதில் 1 (கணித விரிவுரையாளர், மதுரை)

அன்பு மாணவிக்கு வணக்கம். பதினேழு வயதில் அந்தக் கேள்விக்குப் பதில் இல்லாதது குறையே அல்ல. ஆண்டுதோறும் என் வகுப்புக்கு வரும் முதலாமாண்டு மாணவர்களில் பலரிடம் அதற்குப் பதில் இருப்பதில்லை. ஆகவே அந்தக் கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, இப்போது விட்டால் பிறகு நுழைய முடியாத வாசல் எது, மூன்று ஆண்டுகள் கழித்தும் திறந்திருக்கும் வாசல் எது என்று பாருங்கள்.

கணினித் துறை காத்திருக்கும். பி.எஸ்சி. கணிதம் முடித்தவர் கணினிப் பயன்பாட்டு முதுகலைப் படிப்பான எம்.சி.ஏ.வில் சேரலாம், அது இப்போது இரண்டாண்டுப் படிப்பு. பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்த பி.எஸ்சி. பட்டதாரிகள் பி.இ. இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரவும் தமிழ்நாட்டில் வழி இருக்கிறது. ஆசிரியப் பணியும் காத்திருக்கும், பி.எட். என்பதே பட்டத்துக்குப் பின் படிக்கும் இரண்டாண்டுப் படிப்புதான். குரூப் 1, குரூப் 2 தேர்வுகளுக்கும், மூன்றாண்டுச் சட்டப் படிப்புக்கும், ஐ.ஏ.எஸ். தேர்வுக்கும் ஏதேனும் ஒரு பட்டம் போதும். வேளாண்மை அப்படியல்ல. கணிதத்தில் பட்டம் பெற்ற பின் வேளாண் பட்டப்படிப்புக்குத் திரும்ப வேண்டுமென்றால் மீண்டும் முதலாமாண்டிலிருந்து நான்கு ஆண்டுகள் படிக்க வேண்டியிருக்கும். எனவே மூன்று வாசல்களும் ஒரே அவசரத்தில் நிற்பதாக எண்ண வேண்டாம். இந்த மாதமே நீங்கள் தீர்க்க வேண்டிய கேள்வி வேளாண்மை வேண்டுமா வேண்டாமா என்பது ஒன்றுதான்.

கணிதத்தைப் பற்றி ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பள்ளியில் கணக்குப் பிடித்தது என்பதற்காகவே கல்லூரிக் கணிதமும் பிடித்துவிடும் என்று சொல்ல முடியாது. பள்ளியில் ஒரு சார்பின் எல்லையை மதிப்பிடச் சொல்வார்கள். சூத்திரத்தைப் போட்டால் விடை வரும். மெய்ப் பகுப்பாய்வு (Real Analysis) என்ற கல்லூரிக் கணிதப் பாடத்தின் வகுப்பிலோ அந்த எல்லை இருக்கிறது என்பதையே நிறுவச் சொல்வோம். சார்பின் மதிப்பில் எவ்வளவு சிறிய விலகலை (எப்சிலான்) மட்டும் அனுமதித்தாலும், அதற்குள் மதிப்பை நிறுத்தும் இடைவெளி (டெல்டா) ஒன்று உண்டு என்று படிப்படியாக வாதிட வேண்டும். கடைசி வரியில் ஓர் எண் வந்து நிற்காது. இதில் இன்பம் காண்பவர்களும் உண்டு. இரண்டாமாண்டிலேயே சோர்ந்துபோகிறவர்களும் உண்டு. நீங்கள் எந்த வகை என்பதைச் சேர்வதற்கு முன்பே அறியலாம். புது நத்தம் சாலையிலுள்ள கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு ஒரு நாள் சென்று, மெய்ப் பகுப்பாய்வு நூல் ஒன்றையும் வேளாண் அறிமுக நூல் ஒன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு முற்பகல் முழுவதும் உட்காருங்கள். எதைப் படிக்கும்போது அடுத்த பக்கத்தைப் புரட்டத் தோன்றுகிறது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். மதுரையின் தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் பாடத்திட்டங்களை இணையதளங்களிலேயே வெளியிடுகின்றன. பெயரை மட்டும் பார்க்காமல் மூன்றாமாண்டுத் தாள்கள் வரை படித்துப் பாருங்கள். துணைப்பாடமாகப் புள்ளியியலைத் தருகிறார்களா, இயற்பியலைத் தருகிறார்களா என்பதையும் கவனியுங்கள். முடிவாகாத மனத்துக்குப் புள்ளியியல் கூடுதலாக ஒரு வழியைத் திறந்து வைக்கும் என்பது என் கருத்து.

பதில் 2 (வேளாண் பட்டதாரி, ஒத்தக்கடை)

தங்கைக்கு வணக்கம். யானைமலைக்கு அருகே 1965 முதல் இயங்கிவரும் மதுரை வேளாண்மைக் கல்லூரியில் படித்தவள் நான். விரிவுரையாளர் ஐயா சொன்னது சரியே, வேளாண்மைக்கு இப்போதே விண்ணப்பிக்க வேண்டும். பயிர் ஏன் மஞ்சளாகிறது என்று நீங்கள் எழுதியிருந்ததைப் படித்ததும்தான் பதில் எழுதத் தோன்றியது. அடி இலையிலிருந்து மஞ்சள் தொடங்கினால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவை முதலில் ஐயப்படுவோம். இளந்தளிர் வெளுத்தால் இரும்புச்சத்துப் பக்கம் பார்ப்போம். தழைச்சத்து செடிக்குள் இடம் மாறக்கூடியது; பற்றாக்குறை வந்தால் செடி அதைப் பழைய இலையிலிருந்து எடுத்துப் புதிய இலைக்குக் கொடுத்துவிடும். இரும்பு அவ்வாறு எளிதில் நகராது. வயலில் நீங்கள் கேட்ட கேள்வியை மண், வேர், பூச்சி, நோய், சந்தை என்று நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கேட்பதுதான் இந்தப் படிப்பு.

அதே சமயம், வேளாண் பட்டம் என்றால் உடனே அரசு வேலை என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வேளாண் அலுவலர் பணிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் போட்டித் தேர்வு உண்டு, வங்கிகளிலும் விதை, உர நிறுவனங்களிலும் வேலைகள் உண்டு, எங்கும் போட்டிதான். இறுதியாண்டில் கிராமத்தில் தங்கி விவசாயிகளுடன் வேலை செய்யும் ஊரகப் பயிற்சியும் இருக்கிறது. வெயிலும் சேறும் உங்களுக்குப் புதியவை அல்ல என்பதால் அது உங்களுக்கு எளிதாகவே இருக்கும்.

மேலூர் மாணவி

மிக்க நன்றி ஐயா, நன்றி அக்கா. அப்பாவிடம் இரண்டு பதில்களையும் வாசித்துக் காட்டினேன். கட்டணத்துக்கு என்ன செய்வது என்பதுதான் அவருடைய கவலை. மாமா நிலத்தை அடமானம் வைக்கலாம் என்கிறார். எனக்கு அதில் விருப்பமில்லை.

பதில் 3 (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், வாடிப்பட்டி)

நிலத்தை அடமானம் வைக்கவே வேண்டாம், மகளே. உங்கள் நிலைமையில் அதற்குத் தேவை வராது என்றே நினைக்கிறேன்.

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குப் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய தொழிற்படிப்புகளில் 7.5 விழுக்காடு முன்னுரிமை இடஒதுக்கீடு 2021 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டில் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கும் என்று அப்போதே அறிவிக்கப்பட்டது. 171 என்பது பொதுப் போட்டியில் உங்களை ஓரிடத்தில் நிறுத்தும். இந்த ஒதுக்கீட்டில் அதைவிட நல்ல கல்லூரி கிடைக்கலாம். ஆகவே பொதுத் தரவரிசையை மட்டும் பார்த்து மனம் தளர வேண்டாம். கலை அறிவியல் கல்லூரியைத் தேர்ந்தாலும், அரசுப் பள்ளியில் படித்த பெண் என்ற வகையில் புதுமைப் பெண் திட்டத்தின் கீழ் மாதம் 1,000 ரூபாய் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். அரசு கலைக் கல்லூரியின் கட்டணத்துக்கு அதுவே பெரும் துணை. இவற்றையெல்லாம் மீறிப் பணம் தேவைப்பட்டால் கல்விக் கடன் இருக்கிறது. 4 லட்சம் ரூபாய் வரை பொதுத்துறை வங்கிகள் சொத்துப் பிணை கேட்பதில்லை.

இன்னொன்றையும் அப்பாவிடம் எடுத்துச் சொல்லுங்கள். பொறியியல் கலந்தாய்வு, வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கை, அரசு கலைக் கல்லூரிச் சேர்க்கை மூன்றும் தனித்தனி விண்ணப்பங்கள். ஒன்றில் பதிந்தால் மற்றொன்று தடைபடாது. மூன்றிலும் பதிந்துவிட்டால், முடிவெடுக்க உங்களுக்கு இன்னும் சில வாரங்கள் கிடைக்கும். கடைசி நாள்களை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றையும் தலைமையாசிரியரிடம் கையோடு வாங்கிவிடுங்கள். நன்றாகப் படித்த பிள்ளைகள் இந்த ஒரு காகிதம் இல்லாமல் கடைசி நேரத்தில் அலைந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பதில் 4 (மென்பொருள் பணியாளர், திருமங்கலம்)

கணினித் துறையைப் பற்றி அப்பாவுக்குச் சொல்ல ஒரு செய்தி. வேலையில் சேர்ந்த முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் பெரும்பாலும் பிறர் எழுதிய நிரலைப் படித்துப் பிழை தேடுவதே வேலையாக இருக்கும். பொறுமையாகக் காரணம் தேடுபவர்கள் அதில் தேறிவிடுவார்கள். பி.எஸ்சி. பட்டதாரிகளையும் மென்பொருள் நிறுவனங்கள் வேலைக்கு எடுக்கின்றன. என் குழுவிலேயே கணிதம் படித்த தோழியர் இருக்கிறார்கள். எனவே வேளாண்மையில் இடம் கிடைத்தால் அதை எடுத்துக்கொண்டு, கிடைக்காவிட்டால் புள்ளியியலைத் துணைப்பாடமாகக் கொண்ட கணிதத்தில் சேரலாம் என்பது என் எண்ணம். கணினிப் பொறியியல்தான் வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினால், 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் விருப்பப் பட்டியலைத் தாராளமாக நிரப்புங்கள். நீங்கள் உண்மையில் விரும்பும் கல்லூரியை முதலில் வைத்துத்தான் அந்தப் பட்டியலை எழுத வேண்டும். கிடைக்காது என்று பயந்து அதைக் கீழே தள்ளிவிடாதீர்கள். உங்கள் முறை வரும்போது, நீங்கள் எழுதிய வரிசைப்படியே இடம் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவார்கள்.