கடல் பாட்டுக் குழுக்களை நேரில் கேட்டவர்கள் எழுதுங்கள்

டொராண்டோவிலிருந்து:

கிரேட் பிக் சீ குழுவை நேரில் கேட்டவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? கனடாவின் கிழக்குத் தீவான நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸ் நகரில் 1993இல் தொடங்கி, இருபது ஆண்டுகள் பாடிவிட்டுக் கலைந்த குழு. அவர்கள் டொராண்டோவுக்கு வந்தபோது அந்தத் தீவில் பிறந்த அலுவலக நண்பர் ஒருவர் என்னைக் கையோடு அழைத்துப் போனார்.

முதலில் என்னைப் பிடித்துக்கொண்டது பௌரான். ஆட்டுத்தோல் போர்த்திய அகன்ற வட்டப் பறை. வலக்கையில் சிறு குச்சி. இடக்கை உட்புறத்தில் தோலை அழுத்தியும் தளர்த்தியும் சுருதியை ஏற்றி இறக்குகிறது. கஞ்சிராக்காரரின் இடக்கை செய்கிற அதே வேலை! குழுவின் ஷான் மெக்கேன் அதை வாசித்தபோது அந்தக் கையைவிட்டு என் கண் நகரவில்லை.

பிறகு வாத்தியங்களை வைத்துவிட்டு எல்லாரும் மேடை விளிம்புக்கு வந்து, வெறும் குரலில் ஒரு ஷான்டி பாடினார்கள். பாய்மரக் கப்பலில் கயிறு இழுக்கும்போது மாலுமிகள் பாடிய வகை. ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வாங்கும் அடியில் அழுத்தம் விழுகிற இடத்தில்தான் இழுவை. நம் கரைவலைக்காரர்களின் அம்பாப் பாட்டும் இந்தக் கணக்கில்தானே போகிறது! அரங்கமே வாங்கிப் பாடியது. நண்பர் கண்ணைத் துடைத்துக்கொண்டே பாடினார்.

காரணத்தைத் திரும்பும் வழியில் சொன்னார். இழுவலைக் கப்பல்கள் பல ஆண்டுகளாக வாரிக்கொண்டு போனதில் காட் மீன் அற்றுப்போக, 1992 ஜூலையில் கனடா அரசு அந்த மீன்பிடிப்புக்குத் தடை போட்டது. ஏறக்குறைய 30,000 பேரின் பிழைப்பு போயிற்று. இவர் குடும்பம் ஊரைவிட்டு வந்ததும் அதன் பிறகுதான். குழு பிறந்தது மறுவருடம். கடலுக்குப் போக வழியில்லாத ஊர்களின் பாட்டை அந்த இளைஞர்கள் நாடெங்கும் கொண்டுபோனார்கள். இதை வெறும் மதுக்கடைக் கூத்து என்று தள்ளுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

ஒன்றை நாம் மறக்கவே கூடாது: 1986 ஆகஸ்டில் உயிர்காப்புப் படகுகளில் நடுக்கடலில் விடப்பட்ட 155 ஈழத்தமிழர்களைக் கண்டு உதவியவர்கள் இந்தத் தீவின் மீனவர்கள்.

லண்டனிலிருந்து:

நான் கேட்டது இங்கிலாந்தின் தென்மேற்கில், கார்ன்வாலின் போர்ட் ஐசக் ஊரில், ஃபிஷர்மேன்ஸ் ஃபிரண்ட்ஸ் குழுவை. துறைமுகத்தை ஒட்டிய சிறு திடலில் கோடைக்கால வெள்ளி மாலைகளில் பாடிவந்தவர்கள். 2010இல் யுனிவர்சல் இசை நிறுவனம் ஒப்பந்தம் போட்ட பிறகும் அந்தத் திடலைக் கைவிடவில்லை. மேடைகூட கிடையாது. பக்கத்தில் நின்றால் கீழ்க்குரல் நெஞ்சில் அதிரும். 2013இல் கில்ட்ஃபோர்டில் நடந்த விபத்தில் குழுப் பாடகர் ஒருவரும் சுற்றுப்பயண ஏற்பாட்டாளரும் இறந்தார்கள். அதன் பிறகும் சேர்ந்து பாட வந்தார்களே, அதற்காகவே அவர்களைக் கும்பிடலாம்.

பாரிஸிலிருந்து:

பிரான்ஸின் வடமேற்கில் உள்ள பிரிட்டனி பக்கமும் வாருங்கள். பெம்போல் துறைமுகத்தில் 1989 முதல் கடல் பாட்டு விழா நடக்கிறது. இப்போது இரண்டாண்டுக்கு ஒருமுறை, ஆகஸ்டில். பழைய பாய்க்கப்பல்கள் வந்து கட்டி நிற்கும், பாட்டு அவற்றின் பக்கத்திலேயே நடக்கும்.

போகிறவர்கள் முதலில் அருகிலுள்ள புளூபாஸ்லானெக் கல்லறைத் தோட்டத்துச் சுவரைப் பார்த்துவிடுங்கள். 1852 முதல் 1935 வரை ஐஸ்லாந்துக் கடலுக்குக் காட் பிடிக்கப் போன பெம்போல் கப்பல்களில் ஏறக்குறைய 2,000 பேர் திரும்பவில்லை. கப்பல் பெயரும் ஆள் பெயரும் பலகை பலகையாக அங்கே இருக்கின்றன. அதைப் படித்த பிறகு அந்தப் பாட்டுகள் வேறு மாதிரிக் கேட்டன.

பிரிட்டனியின் பிரெத்தோன்காரர்கள் கான் ஹா டிஸ்கான் என்று ஒன்று பாடுவார்கள். முதல் பாடகர் அடியை முடிக்கும் முன்பே இரண்டாமவர் கடைசி அசைகளில் சேர்ந்துகொண்டு, அதே அடியைத் திரும்பப் பாடுவார். இடையில் மூச்சுவிடும் இடைவெளி கேட்கவே கேட்காது. அதற்கு ஊரே கைகோத்து ஆடும். இரட்டைச் சீவாளி வைத்த பொம்பார்ட் என்ற ஊதுகருவியும் சேர்ந்துவிட்டால் பக்கத்தில் பேச முடியாது.

பெம்போல் சின்ன ஊர். விழா நாட்களில் அறை கிடைப்பது கடினம், முன்பே பதிவு செய்துவிடுங்கள்.