டால்பட் ஆலம் & லீ 1794 செப்புக்காசு: விளிம்பில் இரட்டை எழுத்து, பச்சைப் பொடி; கூடவே ஒரு பைன் மர ஷில்லிங்

கேள்வி: ஓட்டைக்காலணா

வணக்கம். மூன்று காசுகள் ஒரே தொகுப்பாக விலைக்கு வந்திருக்கின்றன. பிரித்துத் தர மாட்டாராம். நான்கு நாள் கையில் வைத்துப் பார்க்க விட்டிருக்கிறார். அளந்ததை அப்படியே தருகிறேன்.

முதலாவது, டால்பட் ஆலம் & லீ, 1794, நியூயார்க் வணிக நிறுவனம் ஒன்றின் டோக்கன் (சில்லறைக்காக வணிகர்கள் வெளியிட்ட தனியார் காசு). 9.41 கிராம், 29.2 மி.மீ. ஒரு பக்கம் பொதிமூட்டை அருகே நிற்கும் பெண், மறுபக்கம் கப்பல். விளிம்பில் ‘பேயபிள் அட் த ஸ்டோர் ஆஃப்’ என்று குழிவெழுத்து. அதில் ஓரிடத்தில் இரண்டு எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் குழம்பியிருக்கின்றன. கப்பலின் பாய்க்குப் பின்னால் குண்டூசித் தலை அளவுக்கு வெளிர்பச்சைப் பொடி.

இரண்டாவது, கென்டக்கி டோக்கன், 9.58 கிராம். உறையில் ‘லங்காஸ்டர் விளிம்பு’ என்று எழுதியிருக்கிறது. காசின் விளிம்போ மொழுமொழு என்றிருக்கிறது, ஒரு எழுத்தும் இல்லை.

மூன்றாவது, பைன் மரம் பொறித்த மாசசூசெட்ஸ் வெள்ளிக்காசு, அதாவது பைன் மர ஷில்லிங், 1652. 24 மி.மீ., 4.12 கிராம்.

விளிம்பு எழுத்துக் குழப்பம் போலியின் அடையாளமா? பச்சைப் பொடியை எப்படி எடுப்பது? ஷில்லிங்கை நம்பலாமா? என்னிடம் 0.01 கிராம் காட்டும் நகைத் தராசும் பத்து மடங்கு லென்ஸும் இருக்கின்றன.

பதில்: விளிம்புவாசி

முதல் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெள்ளி என் துறை இல்லை.

எழுத்து ஏறிக் குழம்பியிருப்பது நல்ல அறிகுறி நண்பரே. இந்தக் காசுகளில் விளிம்பெழுத்து அச்சடிக்கும்போது விழுந்ததில்லை, அதற்கு முன்பே வெறும் வில்லையில் (உருவம் விழாத வட்டத் தகட்டில்) போட்டது. இரண்டு இணையான எஃகுச் சட்டங்கள் இருக்கும். ஒன்று அசையாது, மற்றது நகரும். வாசகத்தின் பாதி ஒன்றிலும் மீதி மற்றதிலும் வெட்டியிருக்கும். வில்லையை இடையில் வைத்து அரைச்சுற்று உருட்டினால் வாசகம் முழுவதும் பதிந்துவிடும். வில்லை கொஞ்சம் சிறிதாக இருந்தாலோ, சட்டம் ஒரு நூல் கூடுதலாக நகர்ந்தாலோ, தொடங்கிய இடத்தின் மேலேயே எழுத்து மறுபடி ஏறும். ஆகவே குழப்பம் எதிரெதிரான இரண்டு இடங்களில்தான் வர வேண்டும். ஒன்றைப் பார்த்துவிட்டீர்கள். அதற்கு நேர் எதிரே, 180 பாகையில் லென்ஸ் வைத்துப் பாருங்கள். அங்கே இடைவெளி அதிகமாகவோ எழுத்து நெருங்கியோ இருந்தால் எனக்குச் சந்தேகமே இருக்காது. வார்ப்புப் போலியில் வேறு மாதிரி தெரியும்: விளிம்பைச் சுற்றி நடுவில் மெல்லிய கோடு ஓடி எழுத்துகளைக் குறுக்கே வெட்டும், அல்லது அந்தக் கோட்டை அரம் போட்டு எடுத்த கீறல் இருக்கும்.

விளிம்பைப் படிப்பதற்கு ஒரு வழி. தடித்த ஸ்பாஞ்சில் பிளேடால் ஒரு கீறல் போட்டு, காசைப் பாதி உயரத்துக்கு நிற்க வையுங்கள். விளக்கு பக்கவாட்டில் தாழ்ந்திருக்கட்டும். எட்டு நிறுத்தமாகத் திருப்பி ஒவ்வொன்றையும் படமெடுத்து வரிசையாக வைத்தால் முழு வாசகமும் கிடைக்கும். கையால் உருட்டிக்கொண்டே படித்தால் பாதி எழுத்து தப்பிவிடும், விரல் எண்ணெயும் ஏறும்.

1794இல் இந்த வாசகம் காசின் பின்பக்கத்தோடு சேர்ந்துதான் முழுமையாகும். ‘இந்தக் கடையில் செல்லும்’ என்று விளிம்பு சொல்ல, கடையின் பெயரைக் கப்பல் பக்கம் சொல்கிறது. 1795 காசில் ‘கடையில்’ என்ற சொற்களும் கப்பல் பக்கத்துக்கு வந்துவிட்டன. விளிம்பில் ‘கொண்டு வருபவருக்கு ஒரு சென்ட் தர உறுதியளிக்கிறோம்’ என்ற வாசகம் ஏறியது. 1794 முகத்தோடு 1795 விளிம்பு வந்தால் உடனே நிறுத்தி விசாரியுங்கள். கப்பலுக்கு மேலே ‘நியூயார்க்’ இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அது இல்லாத 1794 வகை அரிது. அரிது என்பதாலேயே, இருந்த எழுத்தைச் சுரண்டி எடுப்பவர்களும் உண்டு. சுரண்டிய இடம் சுற்றுப்புறத்தைவிடப் பள்ளமாக, நிறம் மாறித் தெரியும்.

எடை 9.41 சரியே. இவை பர்மிங்காமில் அடித்து அனுப்பியவை. ‘ஒரு சென்ட்’ என்று போட்டிருந்தாலும் எடையில் பிரிட்டிஷ் அரைப்பென்னிதான். அரசாங்க அரைப்பென்னி ஒரு பவுண்டு செம்புக்கு 46 காசு, அதாவது ஒன்று 9.86 கிராம். அதே 1794இல் அமெரிக்க நாணயச்சாலையின் சென்ட் 208 கிரெயின், 13.48 கிராம். இந்த வித்தியாசம் தெரியாதவர்கள் ‘எடை குறைகிறது, போலி’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

கென்டக்கிக்கு வருவோம். மொழு விளிம்பு என்பதே ஒரு தனி வகை. லங்காஸ்டர் லண்டன் அல்லது பிரிஸ்டல் என்று எழுதியது இன்னொன்று, சாய்கீற்று விளிம்பு மற்றொன்று, பெட்வொர்த் பெயர் போட்டது அரிதானது. உங்கள் உறை ஏதோ ஒரு காலத்தில் மாறியிருக்கிறது. காசுக்குக் குறையில்லை, சீட்டுதான் தவறு. ஆனாலும் விளிம்பில் அரம் ஓடிய தடம் இல்லை என்பதையும், விட்டம் ஓரிடத்தில் ஒன்றும் மற்றோரிடத்தில் ஒன்றுமாக இல்லை என்பதையும் வெர்னியரால் நான்கு திசையிலும் அளந்து உறுதி செய்யுங்கள். பெயர்க்காரணம் கேட்பவர்களுக்கு: பின்பக்க முக்கோணத்தில் 15 விண்மீன்கள், ஒவ்வொன்றிலும் ஒரு மாநிலத்தின் முதலெழுத்து. உச்சியில் இருப்பது 1792இல் பதினைந்தாவதாகச் சேர்ந்த கென்டக்கியின் எழுத்து. மற்றபடி இது இங்கிலாந்தில் அடித்த காசு.

பதில்: களிம்பு வைத்தியர்

பச்சைப் பொடி பற்றி. முதலில் செய்யக் கூடாததைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் வீடுகளில் செம்பைக் கண்டதும் கை தானாகவே அங்கே போகும்: புளி, எலுமிச்சை, விபூதி, பீதாம்பரி எதுவும் வேண்டாம். அமிலம் களிம்போடு சேர்த்து 230 வருட மேல்தோலையும் கரைத்துவிடும். இளஞ்சிவப்பாகப் பளிச்சென்று வந்த செம்பு ஆறு மாதத்தில் திட்டுத் திட்டாகக் கறுக்கும். பழைய நிறம் திரும்பி வராது, விலையும் பாதிக்குக் கீழே போய்விடும்.

பச்சையில் மூன்று வகை உண்டு. கெட்டியான அடர்பச்சைக் களிம்பு அநேகமாக உறங்கிக் கிடப்பது, சும்மா விடலாம். ஈரமாகப் பிசுபிசுக்கும் பச்சை, பி.வி.சி. உறையிலிருந்து கசிந்தது. பல்குச்சி நுனியில் தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடிதான் ஆபத்தானது. அதனடியில் குளோரைடு இருக்கிறது. அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பச்சைப் பொடியாக மாறும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் உண்டாக்குகிறது. அந்த அமிலம் புதுச் செம்பைத் தின்று மறுபடி குளோரைடு ஆகிறது. குண்டூசித் தலை அளவு புள்ளி இப்படித்தான் குழியாகிறது.

காசு இன்னும் உங்களுடையது ஆகவில்லை என்பதால், நான்கு நாளில் எதையும் ஊற்றாதீர்கள். பல்குச்சியால் தொட்டுப் பார்த்துப் படமெடுத்து விற்பவரிடம் காட்டுங்கள். விலையில் அதற்கு இடம் உண்டு.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியது இது. கண்ணாடிக் கிண்ணத்தில் சுத்தமான அசிட்டோன். நகப்பூச்சு அழிப்பான் வேண்டாம், அதில் எண்ணெயும் மணமும் கலந்திருக்கும். சன்னல் திறந்த அறையில், அடுப்புப் பக்கம் போகாமல், மூடிபோட்டுப் பத்து நிமிடம். இதில் எண்ணெயும் பி.வி.சி. பிசுக்கும் போகும், குளோரைடு போகாது. காசை எடுத்து வேறொரு கிண்ணத்துப் புது அசிட்டோனில் அலசி உலர விடுங்கள். அலசாமல் அப்படியே உலரவிட்டால் கரைந்த அழுக்கு மறுபடி மேலே படியும்.

அடுத்து, லென்ஸின் கீழே, கூர்மையாக்கிய மூங்கில் பல்குச்சியால் பொடியை மட்டும் தட்டி எடுங்கள். ஊசி வேண்டாம். பிறகு காய்ச்சி வடித்த நீரில் ஊறப் போடுங்கள். முதல் வாரம் தினமும் நீரை மாற்றுங்கள், பிறகு வாரம் ஒருமுறை. இரண்டு மாதம்கூட ஆகலாம். குழாய்த் தண்ணீரிலேயே குளோரைடு இருப்பதால் அது உதவாது. எடுத்து, பஞ்சுத் துணியில் ஒற்றி (தேய்க்காமல்), மேசை விளக்கின் மிதமான சூட்டில் உலர்த்துங்கள். சோதனைக்கு, ஈரப் பஞ்சு வைத்த மூடிய டப்பாவில் காசு பஞ்சைத் தொடாதபடி ஒரு நாள் வையுங்கள். புதுப் பொடி பூத்தால் ஊறல் மறுபடி தொடங்க வேண்டும்.

சோடியம் செஸ்கிகார்பனேட் கரைசலைச் சிலர் சொல்வார்கள். குளோரைடை வேகமாக இழுக்கும், உண்மைதான், ஆனால் காசின் நிறத்தை மாற்றிவிடுகிறது. அகழ்வாய்வுக் காசுக்கு ஏற்கலாம். டால்பட் காசுக்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

கை பழக ஒரு யோசனை. சென்னைக்காகப் பர்மிங்காமின் சோஹோ நாணயச்சாலையில் அடித்த 1808 கும்பினிக் காசுகள் ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பலோடு 1809இல் குட்வின் மணல்திட்டில் மூழ்கின. பின்னாளில் எடுக்கப்பட்டு இன்று மலிவாகவே விற்கின்றன. கடலுப்பு ஊறிய செம்பு என்றால் என்ன என்பதற்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. அதில் இரண்டு காசை ஊறவைத்துப் பார்த்துவிட்டு இதைத் தொடுங்கள்.

பதில்: வெள்ளிப்பனை

ஷில்லிங் பற்றி. பைன் மர ஷில்லிங்கின் சட்ட எடை 72 கிரெயின், 4.67 கிராம். 24 மி.மீ. என்றால் 1675க்குப் பிந்திய சிறுவில்லை வகையின் அளவு. 1652 என்பது நாணயச்சாலைக்கான சட்டம் வந்த ஆண்டு. ஜான் ஹல்லின் பாஸ்டன் பட்டறை 1682 வரை அடித்த ஷில்லிங்குகளிலும் அந்த ஆண்டேதான் நின்றது. எனவே ஆண்டு எதையும் நிரூபிக்காது.

4.12 என்பது குறைவு. அதை மட்டும் வைத்துத் தள்ளிவிடவும் முடியாது, ஓரம் வெட்டிய அசல் காசுகள் நிறைய. ஆனால் ஓரம் வெட்டியிருந்தால் வெளிவட்டத்து எழுத்துகளின் தலை போயிருக்க வேண்டும். முத்துவட்டமும் எழுத்தும் சுற்றிலும் முழுதாக இருந்தும் எடை குறைந்தால், உலோகத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

உங்கள் தராசிலேயே பார்க்கலாம். சிறு கண்ணாடித் தம்ளரில் நீர் வைத்துத் தராசைப் பூச்சியமாக்குங்கள். காசை மெல்லிய நைலான் நூலில் கட்டி, அடியும் பக்கமும் தொடாமல் முழுக்க முக்குங்கள். ஒட்டியிருக்கும் குமிழியைத் தட்டிவிடுங்கள். தராசு காட்டும் எண்ணால் 4.12ஐ வகுத்தால் அடர்த்தி. 925 வெள்ளி (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) என்றால் 10.3 பக்கம் வர வேண்டும், தராசில் 0.40 தெரியும். 0.01 தராசில் ஒரு புள்ளி பிசகினால் விடை 10.0க்கும் 10.6க்கும் இடையே ஆடும். ஆகவே நல்ல வெள்ளி, மட்ட வெள்ளி என்று பிரிக்க இந்தத் தராசு போதாது. வெள்ளியா, ஈயம் வெள்ளீயக் கலவையா என்று பிரிக்கத் தாராளமாகப் போதும். வெள்ளீயக் கலவை என்றால் 0.56 பக்கம் காட்டும்.

அடர்த்தி சரியாக வந்தாலும் முடிந்துவிடாது. 1850களிலேயே தாமஸ் வையட் என்பவர் நியூயார்க்கில் மாசசூசெட்ஸ் வெள்ளிக் காசுகளைப் போலியாக அடித்து விற்றார். அவை வெள்ளியில் அடித்தவை. அந்தக் கட்டத்தில் அச்சு வகையோடு ஒப்பிட்டே தீர வேண்டும்.

ஓட்டைக்காலணா

மூவருக்கும் நன்றி. டால்பட் காசில் எதிர்ப்புறம் பார்த்தேன்: இரண்டு சொற்களுக்கு இடையே வழக்கத்தைவிட இரட்டிப்பு இடைவெளி. கென்டக்கி நான்கு திசையிலும் ஒரே விட்டம், அரத் தடம் இல்லை. ஷில்லிங்கை மூன்று முறை முக்கினேன்: 0.57, 0.56, 0.57. எழுத்து சுற்றிலும் முழுதாக இருக்கிறது. லென்ஸில் மரத்தின் கிளைகளுக்கு இடையே சின்னச் சின்னக் குமிழ்ப் பள்ளங்கள்.

வெள்ளிப்பனை

அடர்த்தி 7.2, 7.4. வெள்ளீயக் கலவை வார்ப்பு. அருங்காட்சியகக் கடைகளில் நினைவுப்பொருளாக விற்கும் ரகம். அமெரிக்காவில் 1973க்குப் பிறகு இவற்றில் ‘காப்பி’ என்ற சொல் பதிய வேண்டும் என்று சட்டம். பழையவற்றில் அது இருக்காது, சில சமயம் தேய்த்தும் எடுத்திருப்பார்கள். இதன் விலையைப் பூச்சியமாக வைத்துப் பேசுங்கள்.

விளிம்புவாசி

எதிர்ப்புற இடைவெளி வந்துவிட்டதால் டால்பட் காசு எனக்கு நிறைவு. இரண்டு காசின் விலைக்குத் தந்தால் தொகுப்பை வாங்குங்கள். மூன்றின் விலை கேட்டால் விட்டுவிடுங்கள், இரண்டுமே சந்தையில் வந்துகொண்டே இருக்கும் வகைகள்.

விற்பவர் டால்பட் காசை ‘காலனிக் காசு’ என்று விலையேற்றினால் ஒன்று சொல்லலாம். 1794இல் அங்கே காலனி இல்லை, பிலடெல்பியா நாணயச்சாலையே ஓடிக்கொண்டிருந்தது. சேகரிப்பவர்கள் வழக்கத்தில் அந்தப் பெட்டியில் போடுகிறார்கள், அவ்வளவுதான். இதே காசு பிரிட்டிஷ் டோக்கன் விற்பவர்களிடமும் வரும். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது. இதே பெண் உருவ அச்சை ஜான் ஹோவர்ட், யார்க் தேவாலயம் போன்ற வேறு டோக்கன் அச்சுகளோடு சேர்த்து அடித்த கலப்புகளும் உண்டு. அவை கடையில் செலவழிய அடித்தவை இல்லை, 1790களிலேயே பிறந்துவிட்ட டோக்கன் சேகரிப்பு மோகத்துக்காக அடித்தவை.

இந்த வழியில் தொடர நினைத்தால் அடுத்ததாக 1795 அல்லது 1797 அமெரிக்க அரை சென்ட்டைப் பாருங்கள். நாணயச்சாலையில் செம்புக்குத் தட்டுப்பாடு. 1795இல் இந்த டால்பட் காசுகளில் ஏறத்தாழ 52,000ஐ வாங்கி, வெட்டிச் சிறிதாக்கி, அரை சென்ட் வில்லையாகப் பயன்படுத்தினார்கள். சில அரை சென்ட்டுகளில் சுதந்திர தேவியின் முகத்துக்கு அடியில் பழைய கப்பலின் கயிறோ கடைப் பெயரின் எழுத்தோ இன்னும் தெரியும். காசைச் சாய்த்து, ஒரே விளக்கை வைத்து, மெதுவாகச் சுற்றிக்கொண்டே பாருங்கள். பட்டியலில் சாதாரண அரை சென்ட் என்று விற்பனைக்கு வருவதில் சில நேரம் அது ஒளிந்திருக்கும்.

களிம்பு வைத்தியர்

வாங்கினால் அந்தப் பழைய உறைகளை எறிந்துவிடுங்கள். மைலார் (பி.வி.சி. கலக்காத பிளாஸ்டிக்) உறை அல்லது பஞ்சுத்துணி உள்ளுறை வைத்த காகித உறை, காற்றுப் புகாத டப்பா, நிறம் மாறும் சிலிக்கா ஜெல். கடலோர ஊர் என்றால் டப்பாவுக்குள் ஒரு சின்ன ஈரமானியும் போட்டு வையுங்கள். 40 சதவீதத்தைத் தாண்டினால் ஜெல்லை வறுத்து மாற்ற வேண்டும். ஊறல் முடியும்வரை டால்பட் காசைக் கென்டக்கியோடு ஒரே டப்பாவில் வைக்காதீர்கள்.