ஹோர்ட்டன் சமவெளியில் தனி வழிகாட்டியோடு ஒரு நாள்: இன்னும் உறுத்திக்கொண்டிருக்கும் ஒரு சந்திப்பு

தேயிலைக்காற்று எழுதியது:

நுவரெலியாவிலிருந்து இருட்டோடு புறப்பட்டதையும், பட்டிப்பொல வழியாக ஏறியதையும், பூங்கா வாயிலில் பையைத் திறந்து காட்டித் தண்ணீர்ப் போத்தலின் சுற்றுத்தாளை உரித்துக் கொடுத்ததையும் இங்கே விரித்து எழுதப் போவதில்லை; போய்வந்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். நான் எழுத வந்தது ஓர் ஓணானைப் பற்றி.

உலக முடிவு என்னும் செங்குத்து மலைவிளிம்பை எட்டுவதற்குச் சற்று முன்னால், புல்வெளி முடிந்து பாதை காட்டுக்குள் நுழைந்த ஓரிடத்தில் எங்கள் வழிகாட்டி கையை நீட்டி எங்களை மறித்து, பாசி படர்ந்த ஒரு கிளையைச் சுட்டிக்காட்டினார். எங்கள் கண்ணுக்குக் கிளை மட்டுமே தெரிந்தது. "முதலில் வெள்ளையாக ஒரு முள் தெரிகிறதா, பாருங்கள்" என்றார். அந்த முள் ஓர் ஆண் ஓணானின் மூக்கு நுனியில் நீட்டிக்கொண்டிருந்த கொம்பு என்பது பிடிபட்ட பிறகுதான் தலையும், செதில்களும், எங்களை நோக்கிச் சுழன்ற ஒற்றைக் கண்ணும் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன. இந்தக் கொம்போணான் இனங்கள் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை என்பதையும், ஓடித் தப்பும் வேகம் அவற்றுக்குக் கிடையாது, அசையாமல் இருப்பதே அவற்றின் காப்பு என்பதையும் அவர் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்னால் இன்னொரு குழு வந்து சேர்ந்தது.

அந்தக் குழுவிலிருந்த ஒருவர் தம் மகளின் கையில் ஓணானை வைத்துப் படம் எடுக்க வேண்டும் என்றார். எங்கள் வழிகாட்டி, முடியாது என்று பணிவாகச் சொல்லிக் கிளைக்கும் அவருக்கும் இடையில் நகர்ந்து நின்றார். அவர்களுடைய வழிகாட்டியோ ஒரு வார்த்தையும் பேசாமல் மறுபக்கமாகச் சுற்றிவந்து, இரண்டு விரலால் அதைக் கிளையிலிருந்து பெயர்த்து, அந்தச் சிறுமியின் உள்ளங்கையில் வைத்துவிட்டார். அது ஓடவில்லை. கிளையில் இருந்த அதே நிலையில், வாலைக்கூட மாற்றாமல் அந்தக் கையிலும் உறைந்து கிடந்தது. படம் எடுத்து முடிந்ததும் வேறு ஏதோ ஒரு செடியில் விட்டுவிட்டுப் போனார்கள்.

உலக முடிவில் அன்று மூடுபனி சூழ்ந்து எதுவும் தெரியவில்லை; அதில் எனக்கு வருத்தமும் இல்லை. திரும்பும் வழியில், "ஏன் அந்த வழிகாட்டியிடம் ஒன்றும் சொல்லவில்லை?" என்று எங்கள் வழிகாட்டியிடம் கேட்டேன். "நாளைக் காலையிலும் அதே வாயிலில் அவர் பக்கத்தில்தான் நான் நிற்க வேண்டும், சேர்" என்றார். அந்தப் பதிலை ஏற்பதா மறுப்பதா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. உங்களில் யாருக்காவது இப்படி ஏதேனும் நேர்ந்திருக்கிறதா?

ஒஹியவழிப்போக்கன் எழுதியது:

தேயிலைக்காற்று அவர்களே, உங்கள் வழிகாட்டி நல்லவராக இருக்கலாம். ஆனால் அவர் செய்தது பாதி வேலை. தேசியப் பூங்காவுக்குள் வனவிலங்கைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். வாயிலில் சீருடையோடு அலுவலர்கள் இருக்கிறார்கள். வெளியேறும்போது அவர்களிடம் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவருக்குத் தயக்கம் என்றால் நீங்களாவது சொல்லியிருக்கலாம்.

என் அனுபவம் மரை என்னும் பெரிய மானைப் பற்றியது. ஃபார் இன் கட்டடத்துக்கு அருகில் வாகனங்கள் நிறுத்துமிடத்தில் மனிதருக்குப் பழகிப்போன ஆண் மரைகள் நிற்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். எங்களை அழைத்துச் சென்றவர், வாகனம் நின்றதும் இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு ரொட்டித் துண்டை எடுத்தார். அதைத் தயாராகக் கொண்டுவந்திருந்தார் என்பதே எனக்கு முதல் அதிர்ச்சி. மரை நேராக வந்து திறந்திருந்த சன்னல் வழியாகத் தலையை உள்ளே நுழைத்தது. மென்தோல் போர்த்திய அதன் இளங்கொம்பு என் தாயாரின் தோளுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. அதன் மூச்சின் சூட்டைக் கையில் உணர முடிந்தது. அவ்வளவு பெரிய காட்டு விலங்கு, வாகனக் கதவு திறக்கும் ஓசைக்குத் தலையைத் திருப்பும் அளவுக்குப் பழக்கப்பட்டிருந்தது. அதே சமவெளியில் சிறுத்தைகளும் வாழ்கின்றன, மரைதான் அவற்றின் முக்கிய இரை என்று எங்களுக்கு விளக்கியவரும் அதே வழிகாட்டிதான்.

தாயார் மகிழ்ந்துபோனார், வீட்டுக்கு வருபவர்களுக்கெல்லாம் இன்னும் அந்தப் படத்தைக் காட்டுகிறார். அதனால்தான் என்னால் இதை வீட்டில் பேச முடியவில்லை.

குளக்கரை எழுதியது:

ஒஹியவழிப்போக்கன், வாயிலில் புகார் சொல்வது நமக்கு எளிது. நாம் அன்றே ஊருக்குத் திரும்பிவிடுவோம். அந்த மனிதருக்கு அதுதான் வயிற்றுப்பாடு. அவர் கிளைக்கு முன்னால் நகர்ந்து நின்றாரே, அதுவே என் கணக்கில் பெரிது.

எங்களுக்கு நேர்ந்ததில் விலங்கை யாரும் தொடவில்லை. ஆயினும் உறுத்துகிறது. பறவை பார்ப்பதற்கென்றே ஏற்பாடு செய்த பயணம் அது. பட்டிப்பொல வாயிலைத் தாண்டியதும் வரும் அரெங்காக் குளத்தின் அருகே விடியுமுன்னரே வாகனத்தை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்துவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல் காத்திருந்தோம். அந்தக் குளத்துக்குத் தன் 'அரெங்கா' என்ற பெயரைத் தந்த இலங்கைச் சீகாரப் பூங்குருவி, விடியலிலும் அந்தியிலும் சிறிது நேரம் மட்டுமே குரல் கொடுக்கும். மற்ற நேரங்களில் ஈரமான புதருக்குள் மறைந்தே திரியும். வெளிச்சம் ஏறிக்கொண்டிருந்தது. குரல் எழவில்லை. வழிகாட்டி எங்கள் முகங்களைப் பார்த்தார், நேரத்தைப் பார்த்தார், பிறகு கைபேசியை எடுத்து அந்தப் பறவையின் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டார்.

உடனே வந்தது. கருநீல உடலும் தோளில் பளிச்சென்ற நீலத் திட்டுமாக ஓர் ஆண் பறவை, குளத்தின் மறுகரையில் ஒரு தாழ்ந்த கிளையில் இறங்கி, வாலை விரித்து விரித்து மூடி, இல்லாத எதிரியைத் தேடி இங்குமங்கும் திரும்பியது. பதிவை மறுபடி ஒலிக்கவிட்டார். அது இன்னும் நெருங்கி வந்தது. எங்கள் படங்கள் மிக நன்றாக வந்தன. இனப்பெருக்கக் காலத்தில் இப்படி அழைப்பது பறவையின் நேரத்தையும் வலுவையும் வீணடிக்கும் என்பதைப் பறவை நோக்குவோர் எல்லோரும் அறிவோம். அந்த வாகனத்தில் இருந்த எல்லோரும் அறிவோம். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தச் சொல்லியிருந்தால் அவர் நிறுத்தியிருப்பார் என்பதே எனக்கு ஆறாமல் இருக்கிறது.

நடைப்பிரியர் எழுதியது:

நான் வழிகாட்டியோடு போனபோது வானம் தெளிவாக இருந்தது. உலக முடிவிலிருந்து கீழே தேயிலைத் தோட்டத்தின் கூரைகள்வரை தெரிந்தன. அவர் நன்றாகப் பேசினார். அவ்வளவுதான். ஆனால் இந்த உரையாடலைப் படிப்பவர்களுக்குப் பயன்படும் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

உலக முடிவைப் பார்க்க வேண்டுமானால் காலை ஆறு மணிக்கே வாயிலில் இருங்கள். பெரும்பாலான நாட்களில் ஒன்பது, பத்து மணிக்குள் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறிவிடும்; அதற்குப் பிறகு 800 மீட்டருக்கும் மேற்பட்ட அந்தச் செங்குத்துச் சரிவின் விளிம்பில் நின்றாலும் வெள்ளைத் திரைதான் கிடைக்கும். ஆகவே சுற்றுப்பாதையில் முதலில் சிறிய உலக முடிவு, அடுத்து உலக முடிவு, திரும்பும்போது பேக்கர் நீர்வீழ்ச்சி என்ற வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். அருவிக்கு மூடுபனியால் குறைவில்லை. சுற்று முழுவதும் ஏறத்தாழ ஒன்பது கிலோமீட்டர். தரை பெரும்பாலும் சமமாகத் தோன்றினாலும், நீங்கள் 2,100 மீட்டருக்கு மேல் நடக்கிறீர்கள் என்பதை மூச்சு நினைவூட்டும். அருவிக்கு இறங்கும் பாதையில் வேர்களும் சேறும் அதிகம்; வழுவழுப்பான அடிப்பாகமுள்ள காலணி உதவாது. ஜனவரி, பெப்ரவரி மாத விடியல்களில் புல்லில் உறைபனி படியும். அதே நாள் நண்பகலில் வெயில் தோலை எரிக்கும். உணவைத் தாளிலோ பெட்டியிலோ கொண்டுபோங்கள். பொலித்தீனை உள்ளே அனுமதிப்பதில்லை. வெளிநாட்டவருக்கும் உள்நாட்டவருக்கும் கட்டணம் வேறு வேறு. வாகனத்துக்கும் தனியாகக் கட்ட வேண்டும். ஆகவே வழிகாட்டி சொல்லும் தொகையில் நுழைவுக் கட்டணம் அடங்குமா என்பதைப் பேசும்போதே கேட்டுவிடுங்கள். இந்தச் சச்சரவுதான் பல பயணங்களைக் கெடுக்கிறது.

வழிகாட்டியின் உரிமத்தையும் பாருங்கள். தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி என்று சுற்றுலா அதிகாரசபை வகைவகையாக உரிமம் வழங்குகிறது. வாகனம் ஓட்டுகிறவர் எல்லாம் வழிகாட்டி ஆகிவிட மாட்டார். உண்மையைச் சொன்னால், பாதை தெளிவாக இருப்பதால் வழிகாட்டி இல்லாமலே நடக்கலாம். இங்கே எழுதியவர்கள் மூவரும் தனியாகப் போயிருந்தால் மூன்று வருத்தங்களும் இருந்திருக்காது.

வாயில்காப்பு எழுதியது:

நடைப்பிரியர் ஐயா, கேட்டது சந்திப்பை. நீங்கள் கொடுத்தது பயணக் கையேடு. ஆனாலும் கட்டணம் பற்றிச் சொன்னது சரி. கடைசி வரியைத்தான் ஏற்க முடியவில்லை. தனியாகப் போயிருந்தால் தேயிலைக்காற்று அந்த ஓணானைப் பார்த்தே இருக்க மாட்டார்.

நானும் அந்தத் தொழிலில் இருக்கிறேன். எங்களுக்குப் பயண முகவர் தரும் நாட்கூலியைவிட, விருந்தினர் மனமுவந்து தரும் அன்பளிப்பும் அவர்கள் இணையத்தில் எழுதிப்போகும் நட்சத்திர மதிப்பீடுகளும்தான் அடுத்த வேலையைத் தீர்மானிக்கின்றன. ஒரு முறை, மூடுபனியால் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக எனக்கு ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுப் போனார் ஒருவர். "வழிகாட்டி எங்களுக்கு எதையும் காட்டவில்லை" என்பதே அவர் எழுதிய முழு மதிப்புரை. அன்று நான் அவருக்குக் காட்டியவற்றில் ஃபார் இன் ஒன்று; தாமஸ் ஃபார் என்ற தோட்டத் துரையின் பெயரைத் தாங்கிய பழைய வேட்டை விடுதி அது. 1831 முதல் 1837 வரை ஆளுநராக இருந்த வில்மட் ஹோர்ட்டனின் பெயர் ஒட்டிக்கொள்வதற்கு முன்பே மக்கள் இந்தச் சமவெளியை மகாஎலிய என்று அழைத்ததைச் சொன்னேன். 5,000 அடிக்கு மேலுள்ள காட்டைத் தோட்டங்களுக்கு வெட்டிக்கொடுக்க வேண்டாம் என்று 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் ஆங்கில அரசுக்கு அறிவுரை சொன்னதால்தான் இந்தக் காடு மிஞ்சியது என்பதையும், மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் இங்கிருந்து நீர் போகிறது என்பதையும் நடந்துகொண்டே விளக்கினேன். கேட்டுத் தலையாட்டினார். அவருக்கு வேண்டியிருந்தது பள்ளம்.

இந்த மதிப்புரையைப் படித்த முகவர் அடுத்த பருவத்தில் என்னை அழைக்கவில்லை. ரொட்டி வைத்திருப்பவரும், கைபேசியை எடுப்பவரும், ஓணானைப் பெயர்ப்பவரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சரியானவர்கள் என்றும் சொல்ல மாட்டேன். "இன்றைக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும் பரவாயில்லை" என்று காலையிலேயே சொல்லும் விருந்தினரோடு போகும் நாளில், அதே ஆட்கள் வேறு விதமாக நடந்துகொள்வதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

ஒஹியவழிப்போக்கன் எழுதியது:

அப்படியானால் பொறுப்பு முழுவதும் விருந்தினர் தலையில் விழுகிறதா? எங்கள் தாயார் மரையைக் கேட்கவில்லை. அவர் வாகனத்தைவிட்டு இறங்குவதற்கு முன்பே ரொட்டி வெளியே வந்துவிட்டது. நட்சத்திரக் கணக்கை நான் புரிந்துகொள்கிறேன், ஆனால் அந்தப் பழக்கத்தைத் தொடங்கியவர் விருந்தினர் அல்லர் என்பதை நீங்களும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

முட்செடி எழுதியது:

விலங்குகளைப் பற்றியே எல்லோரும் எழுதிவிட்டீர்கள். என் வழக்கு ஒரு புதர்.

தாவரவியல் கற்பிப்பவள் என்பதை வழிகாட்டியிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் பேசத் தயங்குவார் என்று நினைத்தேன். அவர் தயங்குபவராகவும் இல்லை. கீன மரங்களின் குடைபோன்ற உச்சியையும், முறுக்கிக்கொண்ட கிளைகளில் தொங்கும் பாசியையும், ஓடையோரக் குள்ள மூங்கிலையும் மிக அழகாக விளக்கிக்கொண்டு வந்தார். பிறகு ஃபார் இன் பக்கம் மஞ்சள் பூ நிறைந்து நின்ற ஒரு முட்புதரின் முன்னால் நின்று, "இது உலகில் இந்தச் சமவெளியில் மட்டுமே பூப்பது, காட்டின் பொன் என்று சொல்வார்கள்" என்றார். ஒரு கொத்தைக் கிள்ளி என் மகளின் தலையில் சூட்டப் போனபோது, முள் குத்தி அவர் விரலில் இரத்தம் துளிர்த்தது.

அது கோர்ஸ். ஆங்கிலேயர் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்து, இந்தப் புல்வெளியைப் பிடித்துக்கொண்டு இன்னும் பரவிவரும் அயல் முட்புதர். பூங்காவில் அதை வேரோடு பிடுங்கி அகற்றும் வேலையே நடந்துவருகிறது. இதே சமவெளியின் ஒரு பகுதியில் ஒரு காலத்தில் உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள் என்பதும், 1969இல் சரணாலயமாகி 1988இல்தான் தேசியப் பூங்கா ஆனது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அவற்றைச் சரியாகவே சொன்னார். அதனால்தான் அந்த மஞ்சள் பூக் கதையையும் என்னுடன் வந்தவர்கள் அனைவரும் சரியென்று எடுத்துக்கொண்டார்கள். என் மகள் பள்ளியில் அதை அப்படியே எழுதிக் கொடுத்து, ஆசிரியையிடம் பாராட்டும் வாங்கிவந்தாள்.

அவரைத் திருத்தலாமா என்று வழியெல்லாம் யோசித்தேன். குழுவின் முன்னால் திருத்தினால் அவருடைய மரியாதை போகும். திருத்தாவிட்டால் அடுத்த வாகனத்துக்கும் அதே கதை போகும். திரும்பும் வழியில் அவர் தேநீர் வாங்கப் போன இடத்தில் தனியாகப் பிடித்துச் சொன்னேன். முகம் சற்றுச் சுருங்கியது. பிறகு, "அப்படியென்றால் அதைப் பிடுங்கச் சொல்வது ஏன் என்று இப்போது விளங்குகிறது, மிஸ், நாங்கள் இவ்வளவு நாளும் அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தோம்" என்றார்.

வாயில்காப்பு அவர்களே, உங்களிடம் ஒரு கேள்வி. உரிமம் பெறும்போது தரும் பயிற்சியில் அயல் தாவரங்களைப் பற்றி ஏதேனும் கற்பிக்கிறார்களா? கற்பிக்கிறார்கள் என்றால், இந்தச் சமவெளியின் செடிகளுக்கு ஒரு படத்தாள் தயாரித்துத் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன். அதை வழிகாட்டிகளிடம் சேர்ப்பிக்கும் வழியை மட்டும் நீங்கள் சொன்னால் போதும்.